“ஒரு மணி நேரம்தான்” என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நாற்பது நிமிட வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் கணக்குப் போட்ட வாத்தியார்தானே நான், உங்களுக்குப் புதிதா என்ன?

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றி வந்தது. நீலகிரிக்குத் தனி விமான நிலையம் வேண்டுமாம். அது வந்துவிட்டால் “சென்னை - ஊட்டி ஒரே ஒரு மணி நேரம்தான்” என்று கடைசியில் ஒரு வரி. அதற்குக் கீழே கட்டை விரல்கள், கைதட்டல்கள். “அருமை”, “காலத்தின் கட்டாயம்” என்று நம் பிள்ளைகளே எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. தூரம், காலம், வேகம் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் அது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் கோவை பீளமேடு விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஒரு ஜெட் விமானம் மேலே போன பிறகு மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் அரை மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் என்று போடுகிறார்கள்? விமானம் ஏறியதும் அந்த வேகத்தைத் தொட்டுவிடுவதில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் நிற்பவை கிளம்பும் வரை காத்திருக்க வேண்டும், மேலே ஏற வேண்டும், ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபடி வந்து நிற்கும் வரைதான் டிக்கெட்டில் உள்ள நேரம். ஆக, இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானத்தின் வேகத்துக்கே முழு வேலை கிடையாது.

இனி வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை போடுவோம். கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதுகிறேன்.

சென்னையில் வீட்டிலிருந்து விமான நிலையம்: 1 மணி.
கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடும், சோதனை வரிசை இருக்கும் என்பதால் முன்கூட்டியே போய் உட்காருவது: 2 மணி.
விமானம்: 1¼ மணி.
இறங்கி, பெட்டி எடுத்து, வண்டி பிடிப்பது: ½ மணி.
பீளமேட்டிலிருந்து மேட்டுப்பாளையம், சுமார் 40 கிலோமீட்டர்: 1¼ மணி.
மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி, சுமார் 50 கிலோமீட்டர்: 2 மணி.

கூட்டுங்கள். எட்டு மணி நேரம். இது மழை இல்லாத, மண் சரியாத, சீசன் இல்லாத, விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிய ஒரு நல்ல நாளின் கணக்கு. வீட்டிலிருந்து வீட்டுக்கு மொத்த தூரம் ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். எட்டால் வகுத்தால் மணிக்கு 63 கிலோமீட்டர். நல்ல சாலையில் ஓடும் ஒரு பேருந்தின் வேகம்!

பெங்களூருப் பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். உங்கள் கதை இதைவிட வேடிக்கை. 2008-ல் உங்கள் விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. எலக்ட்ரானிக் சிட்டியில் இருப்பவன் தெற்கே உள்ள அம்மாவைப் பார்க்க, முதலில் ஊரைக் கடந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போகிறான். அங்கிருந்து ஏறி, தான் கிளம்பிய இடத்தைத் தாண்டித்தான் பறந்து வருகிறான். மைசூர் வழியாகச் சாலையில் வந்தால் ஊட்டி சுமார் 270 கிலோமீட்டர்தான். ஆனால் பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் கிளம்ப வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு மயக்கம், கடிகார மயக்கம். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அதனால் அங்கே ஆறு மணிக்கு ஏறியவன் இங்கே ஏழே முக்காலுக்கு இறங்கிவிட்டதாகக் கடிகாரம் காட்டும். திரும்பிப் போகும்போது அதே பயணம் ஏழு மணி நேரம் போலத் தெரியும். கடல் தாண்டி வர நாலு மணி. பீளமேட்டிலிருந்து நம் வீட்டுக்கு அந்த 90 கிலோமீட்டர் வர மூன்றேகால் மணி. எது தூரம், சொல்லுங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்று உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவனிடம் கேட்டு, “எழுதுங்க மாமா, நாலு பேருக்குப் பயன்படட்டும்” என்று அவன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதம் கோத்தகிரியில் என் பெரியக்கா போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் ஐந்து மணி. சென்னையில் இருக்கும் அவருடைய மூத்த மகனுக்கு உடனே போன் செய்தேன். “இப்பவே கிளம்பிச் சென்ட்ரலுக்குப் போ, நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடி” என்றேன். “ரயில் வேண்டாம் மாமா. ராத்திரி பூரா எதுக்கு? காலைல ஏழு மணிக்கு விமானம் இருக்கு, ஒரு மணி நேரம்தான், பத்தரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன்” என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான். அவனுக்கு அம்மா மேல் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அவன் நம்பிய கணக்குதான் தப்பு.

காலையில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். கோவையில் இறங்கும்போது பத்தேகால். வாடகைக் கார் மேட்டுப்பாளையம் தாண்டும்போது பன்னிரண்டு. சீசன் நேரத்தில் மேலே வரும் வண்டிகள் குன்னூர் வழியாகவும் கீழே போகும் வண்டிகள் கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். பிறந்த ஊரின் வழக்கம்தான், சென்னையில் இருபது வருடம் இருந்தால் மறக்காதா? 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதும் நினைவில் இல்லை. கல்லாறில் நின்று, செல்போனில் பதிந்து, வரிசையில் ஊர்ந்து, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, குன்னூர் சுற்றி, வீட்டு வாசலில் அவன் வந்து இறங்கியபோது நாலு மணி.

நாங்கள் காத்திருந்தோம். ஒரு மணி வரை காத்திருந்தோம், இரண்டு வரை காத்திருந்தோம். மே மாத மத்தியானத்தில் மலை எப்படி இருட்டிக்கொண்டு வரும் என்று உங்களுக்குத் தெரியும். மழை பிடித்துவிட்டால் சுடுகாட்டுப் பாதையில் கால் வைக்க முடியாது. பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். தாய்மாமன் நான்தானே சொல்ல வேண்டும்? இரண்டரைக்கு “எடுத்துடலாம்” என்றேன். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்தான். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் எனக்கு இன்னும் கசக்கிறது.

இதில் இன்னொன்று. சென்னையிலேயே இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், அக்கா கையால் சிறு வயதில் சாப்பிட்டவன், செய்தி கேட்டதும் ஒன்பது மணி சுமாருக்குக் கிளம்பும் அதே நீலகிரி எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிவிட்டான். ஜோலார்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தானாம். காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து. எட்டரைக்கு அக்கா தலைமாட்டில் நின்றான். மகனுக்கு முந்தி மாணவன் வந்தான். விமானத்துக்கு முந்தி ரயில் வந்தது.

விமானத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஏறியிருக்கிறேன். டெல்லிக்கு ரயிலில் இரண்டு நாள், விமானத்தில் மூன்று மணி. அங்கே விமானம் உண்மையாகவே காலத்தை மிச்சம் பிடிக்கிறது. சென்னைக்கும் எல்லாம் சரியாக நடந்தால் ரயிலைவிட விமானத்தில் நாலைந்து மணி நேரம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் அதில் தாமதம் நுழைய ஆறு கதவுகள் இருக்கின்றன. என் கோபம் அந்த “ஒரு மணி நேரம்தான்” மேல். அது தூரத்தின் அளவே இல்லை, வெறும் விளம்பர வாசகம். அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாழ்க்கையைத் திட்டமிடுகிறார்கள். “அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஒரு மணி நேரத்துல வந்துருவேன்” என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். அந்தத் தேறுதலில் ஒரு பொங்கல் தள்ளிப்போகிறது, ஒரு தீபாவளி தள்ளிப்போகிறது. ‘பக்கம்தானே’ என்று நினைப்பவன்தான் வராமல் இருக்கிறான். நம் மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1908-லிருந்து ஊட்டி வரை ஓடுகிறது. யாரையும் ஏமாற்றியதில்லை. ஐந்து மணி ஆகும் என்று தெரிந்துதான் ஏறுகிறோம்.

சரி சார், அதனால்தானே மலையிலேயே விமான நிலையம் கேட்கிறோம் என்பீர்கள். வருகிறேன்.

பீளமேடு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குத் தாங்கல் குறையும், இன்ஜினுக்கும் வலு குறையும். அதனால் அதே விமானம் எழும்ப இன்னும் நீளமான ஓடுபாதை வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குச் சமதளம் நம் மலையில் எங்கே இருக்கிறது? எந்தச் சோலையை வெட்டுவது, எந்தப் புல்வெளியை நிரவுவது, எந்த ஹட்டியின் தோட்டத்தை எடுப்பது? “காலத்தின் கட்டாயம்” என்று எழுதியவர்கள் முதலில் தங்கள் அப்பாவின் தேயிலைக் காட்டை எழுதிக் கொடுக்கட்டும்.

மற்ற மலைகளில் கட்டியிருக்கிறார்களே என்று கேட்டால், கட்டியவர்கள் பட்டதையும் கேளுங்கள். சிம்லா விமான நிலையத்தில் 2012-லிருந்து 2017 வரை பயணிகள் விமானமே வரவில்லை. மறுபடி தொடங்கியபோதும், குட்டை ஓடுபாதை, உயரம் இரண்டும் சேர்ந்து, எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியவில்லை. சிக்கிமின் பாக்யாங் 2018-ல் திறந்தது. மேகம் மறைக்கிறது, பாதை தெரியவில்லை என்று அங்கே சேவை அடிக்கடி நின்று போனது. அது 4,500 அடி. நம் ஊட்டி 7,000 அடிக்கு மேல். ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, நடுவில் பனி மூட்டம். வருடத்தில் எத்தனை நாள் இறங்குவான்?

ஹெலிகாப்டர் விடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். 11.48-க்குப் புறப்பாடு, 12.15-க்கு வந்திறங்க வேண்டும். இருபத்தேழு நிமிடம்! காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. பதினான்கு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நம் நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள்தான் தண்ணீரும் போர்வையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை உணர்வு தப்பியதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். நாட்டின் பெரிய தளபதியைச் சுமந்து வந்த ராணுவ ஹெலிகாப்டருக்கே நம் மேகம் வழிவிடவில்லை. தேனிலவுக்கு வருபவனுக்கு விடுமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தூரம் யாருக்கு?

குழுவில் கைதட்டிய எல்லோரும் கீழே இருப்பவர்கள், வருடத்துக்கு ஒரு தடவை மேலே வருபவர்கள். உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிலர் இன்னும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய தூரத்தைச் சொல்லவா? பந்தலூரிலிருந்து மாவட்டத் தலைநகரான ஊட்டி சுமார் 75 கிலோமீட்டர். சேரம்பாடியிலிருந்து வந்தால், பீளமேட்டுக்கும் ஊட்டிக்கும் உள்ள தூரத்தையே நெருங்கிவிடும். ஒரே மாவட்டத்துக்குள்! அந்தப் பக்கம் டான்டீ லைன் வீடுகளில் இருப்பவர்கள் யார்? 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். கடல் தாண்டி வந்தவர்களுக்கு இன்று கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு கொடுக்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. ராத்திரியில் பிரசவ வலி வந்தால், வழியில் ஆனை நிற்குமோ என்று பார்த்துப் பார்த்து வண்டி நகர வேண்டும். ஊட்டி தூரம் என்று பலர் எல்லை தாண்டிக் கேரளாவில் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். அவர்களிடம் போய் “சென்னை ஒரு மணி நேரம்தான்” என்று சொல்லிப் பாருங்கள்.

மலைக்கு உண்மையில் தூரத்தைக் குறைத்தது எது தெரியுமா? ஊட்டியில் வந்த அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் கல்லூரி திறந்தது. 2025 ஏப்ரல் 6-ல் 700 படுக்கையோடு மருத்துவமனைக் கட்டடம் திறந்தது. அதற்கு முன்பு கொஞ்சம் பெரிய வியாதி என்றாலே “கோயமுத்தூர் கொண்டு போங்க” என்ற ஒரே வார்த்தைதான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கிளம்பி, பர்லியாறு தாண்டுவதற்குள் அடங்கிப் போனவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். எழுபது எண்பது கிலோமீட்டரை ஒரு கட்டடமும் நாலு மருத்துவர்களும் குறைத்தார்கள். கோரிக்கை வைப்பதென்றால் இப்படி வைக்க வேண்டும். வியாதிக்காரனை மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வேகத்தைக் கேட்பதைவிட, மருத்துவமனையை வியாதிக்காரன் பக்கத்தில் கொண்டு வரச் சொல்வது புத்திசாலித்தனம்.

ஆகவே நம் குழு மனு எழுதுவதென்றால் இப்படி எழுதட்டும். கூடலூர், பந்தலூர் மருத்துவமனைகளில் ராத்திரியும் போதிய மருத்துவர் இருக்க வேண்டும். தோட்டத்து ஊர்களுக்குக் கடைசிப் பேருந்து சீக்கிரம் நின்றுவிடக் கூடாது. 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, ரயில் பாதையும் சாலையும் அறுந்து போயினவே, அதை மறக்காமல் மலைப் பாதையின் வடிகாலையும் தடுப்புச் சுவரையும் வருடா வருடம் மழைக்கு முன்பே பார்க்க வேண்டும். பீளமேட்டில் விமானம் இறங்கும் நேரத்துக்கு ஏற்றபடி மேட்டுப்பாளையத்துக்கும் மலைக்கும் நேரடிப் பேருந்து வேண்டும். எந்தச் சோலையையும் வெட்டாமல் செய்யக் கூடியவை இவை. இதற்குக் கைதட்டுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

“சார் பழைய காலத்து ஆள், முன்னேற்றத்துக்கு எதிரி” என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் என் எட்டு மணி நேரக் கணக்கில் எந்த வரி தப்பு என்று காட்டிவிட்டு எழுதுங்கள். விடை மட்டும் எழுதி, வழிமுறை காட்டாதவனுக்கு நான் என்றைக்கும் முழு மார்க் போட்டதில்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டு வாசலிலிருந்து, ஊரில் அப்பா அம்மா இருக்கும் வீட்டு வாசல் வரை உண்மையில் எத்தனை மணி நேரம்? காத்திருப்பது, வரிசை, மலைப் பாதை எல்லாம் சேர்த்து, நல்ல நாளுக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று என இரண்டு கணக்குப் போடுங்கள். பக்கத்து முழு எண்ணுக்குக் குறைத்து எழுதக் கூடாது. போட்டு முடித்ததும் இங்கே பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். அப்பா அம்மாவுக்கு போன் செய்து, அந்த எண்ணைச் சொல்லி, “நான் ஆனால் இந்தத் தேதியில் வர்றேன்” என்று அதோடு ஒரு தேதியும் சொல்லுங்கள்.

அக்கா மகன் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறான். வெள்ளி ராத்திரி ரயில். சனிக்கிழமை காலை டிபனுக்கு வீட்டில் இருக்கிறான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்